நலமுள்ள கோழிக்கு மருந்து எதற்கு?

மார்கழி மழை ஓய்ந்து நான்கு நாட் சென்றபின் ஒரு காலைப் பொழுதில் எங்கள் வளவின் கீழைவேலி ஓரத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி அயல்வீட்டு விதானையார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிப் பல ஆண்டு கழிந்தும் ஊரவர் அவரை அப்பெயராலேயே அழைப்பர். பிரதிவாதி என் தமக்கையார். நடுவனாக இழுத்து நிறுத்தப்பட்டவன் நான். வழக்கிற்குக் காரணமானவையோ, முற்றத்திலே யாதொரு கவலையுமின்றிக் குப்பை கிளறிக்கொண்டிருந்த பதினொரு கோழிகள்.

"பண்டிதர், மழை விட்டிட்டுது. எல்லாத்துக்கும் ஒருக்காப் பூச்சிமருந்து பருக்கிவிடும். வருத்தம் வந்தாப்போலை பருக்கி என்ன பிரயோசனம்?" என்று கூறி, விதானையார் வேலிக்கு மேலாக ஒரு சிறு போத்தலை நீட்டினார். தம் ஆடுகளுக்கு வாங்கியதில் எஞ்சியது அது.

"சுகமாய்த் திரியிற கோழிக்கு மருந்தோ? தம்பி, எனக்கு வருத்தமில்லாத நேரம் நீ எனக்குக் குளிசை தாறனியோ?" என்றார் தமக்கையார்.

இருவர் கூற்றும் எனக்கு நியாயமாகவே தோன்றின. போத்தலை வாங்கவும் மனம் வரவில்லை. மறுக்கவும் துணிவு வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன்.

சைவ உணவினனாகிய என் வளவிற் கோழி புகுந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறிவிடல் வேண்டும். இன்றேல் என் மாணாக்கர் சிலர் ஐயுறுவர். 2022 ஆம் ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்து, முட்டை விலை ஏறிய காலத்தில், கணவரை இழந்த தமக்கையார் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். ஒரு பெட்டி உடுப்பும் ஒரு கூடை கோழியுமே அவர் கொணர்ந்தவை. முருகப்பெருமானே சேவலைக் கொடியிற் கொண்டிருக்க, நாம் அதற்கு வளவில் இடங்கொடுத்தால் என்ன குறை என்று அவர் வினாவினார். விடை கூற இயலாது நானும் இசைந்தேன். முட்டை விற்ற காசு அவருடையது. அதில் எவரும் கைவைப்பதில்லை. தம் மருந்துச் செலவுக்கும் கோயிற் காரியங்களுக்கும் அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சதமேனும் கேட்டதில்லை. ஆதலின் கோழியின் உடல்நலம் எங்கள் வீட்டிலே வேடிக்கைப் பொருளன்று.

அன்றியும், இவ்விடயத்தில் என்மேல் ஒரு பழைய பழியும் உண்டு. 2023 ஆம் ஆண்டு தை மாதத்தில் இதே கேள்வி எழுந்தபோது நான் தயங்கவில்லை. ஆட்டுக்கென்று விற்கப்பட்ட குளிசை ஒன்றைப் பொடித்து, கண்ணளவாற் பங்கிட்டு, தவிட்டிற் குழைத்து, ஒரே தட்டிலே எல்லாக் கோழிக்கும் வைத்தேன். கடமை முடிந்தது என்று கையைக் கழுவினேன். பங்குனியில் ஒரு பேட்டுக்குஞ்சு மெலிந்தது. தீனைத் தின்றது, ஆயினும் நெஞ்செலும்பு கத்திபோல் நீட்டிக்கொண்டு வந்தது. மருந்துதான் கொடுத்தாயிற்றே, வேறு காரணமாக இருக்கும் என்று எண்ணி நான் வாளாவிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அது இறந்துபோயிற்று.

அதனை மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றேன். அவர் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்த பெண்பிள்ளை. குஞ்சின் சிறுகுடலை அவர் நீளமாக வெட்டித் திறந்தபோது, உள்ளே இடியப்பச் சிக்கல்போல வெண்ணிறப் புழுக்கள் பின்னிக் கிடந்தன. (அதன்பின் இரண்டு கிழமை எங்கள் வீட்டில் இடியப்பம் அவிக்கவில்லை.) "மருந்து கொடுத்தோமே, பிள்ளை" என்றேன். "எந்தக் கோழி எவ்வளவு திண்டது, ஐயா?" என்று அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வலிய கோழிகள் முந்திக்கொண்டு தின்றிருக்கும். மெலியது விளிம்பில் நின்றிருக்கும். மருந்து கொடுத்தோம் என்ற நினைவே, அக்குஞ்சை உற்றுப் பாராதபடி என் கண்ணை மறைத்தது. தமக்கையார் அதுபற்றி என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. கடிந்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

எனவே இம்முறை தவணை கேட்ட இரண்டு நாளும் கிடைத்த நூல்களைப் படித்தேன். படிக்கப் படிக்க, வழக்கின் அடியிலுள்ள வினா வேறு என்பது தெளிந்தது. புழுவுள்ள கோழி நோயுற்ற கோழியா என்பதே அவ்வினா.

ஒட்டுண்ணி என்பது ஒட்டி உண்பது. மேனாட்டார் வழங்கும் பரசைற் என்னுஞ் சொல்லும், கிரேக்க மொழியிலே பிறர் பந்தியில் அருகிருந்து உண்பவனைக் குறித்ததாகும். இரண்டு சொல்லிலும் உண்ணுதல் உண்டு, கொல்லுதல் இல்லை. விருந்தளிப்பவன் இறந்தாற் பந்தி ஏது? மண்ணிற் கிளறித் திரியும் கோழியின் குடலிலே சில புழுக்கள் இருத்தல் பெரும்பாலும் இயல்பு. சில புழுவென்றால் கோழி தாங்கும்; பல புழுவென்றால் மெலியும்.

எங்கள் குஞ்சைக் கொன்ற புழு அசுக்காரிடியா என்னும் பெரிய வட்டப்புழு. அதன் பெண்புழு 7 முதல் 11 சென்ரிமீற்றர் வரை வளரும். எச்சத்தோடு வெளிப்படும் அதன் முட்டை அன்றே தீங்கு செய்யாது. வெப்பமும் ஈரமும் நிழலும் வாய்த்தால் இரண்டு மூன்று கிழமைகளில் உள்ளே கரு முதிர்ந்து, தொற்றும் வலியைப் பெறும். அதன்பின் மண்ணிலே மாதக்கணக்கிற் கெடாது காத்துக் கிடக்கும். கடும் வெயிலும் வறட்சியுமே அதற்குக் கூற்றுவன். ஆதலின் நம் யாழ்ப்பாணத்துச் செம்மண் ஆடி ஆவணியில் அதற்குப் பகை. ஐப்பசி முதல் மார்கழி வரை, வாழையடியும் கிணற்றடியும் அதற்குத் தாய்வீடு. கோழி அம்முட்டையை விழுங்கிய நாளிலிருந்து, உள்ளே புழு முதிர்ந்து தான் முட்டையிடும் வரை 5 முதல் 8 கிழமை செல்லும். மழை விட்டவுடன் மருந்து கொடுக்கவேண்டும் என்ற விதானையாரின் கணக்கு வெறும் வாய்ப்பேச்சன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

வேறு இனங்களும் உள. நாடாப்புழுக்கள் நேரே தொற்றுவதில்லை. எறும்பு, வண்டு, ஈ, நத்தை போன்றவற்றின் உடலிற் புகுந்து, அவற்றைக் கோழி கொத்தும்போது குடலை அடையும். மயிர்போன்ற நுண்புழுக்கள் சில மண்புழு வழியாக வரும். அவை சிறியன, ஆயினும் பொல்லாதன. குருட்டுக்குடலிலே வாழும் சிறுபுழு ஒன்று கோழிக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் அதன் முட்டைக்குள் மறைந்து செல்லும் வேறொரு நுண்ணுயிர் வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கொல்லும். எங்கள் அயலில் வான்கோழி வளர்ப்பார் இல்லை. இருந்திருப்பின் வழக்கு வேறாகியிருக்கும். அப்பொழுதும், மண்ணிற் கிடக்கும் முட்டைகளை மருந்து அழிக்காதாகையால், இரண்டினத்தையும் வேறு வேறு வளவில் வளர்ப்பதே வழி.

எல்லாக் கோழிக்கும் புழுவினால் வரும் இடர் ஒரே அளவினதன்று. மூன்று மாதம் கடந்து வளர்ந்த கோழி, பழக்கத்தாலும் வயதாலும் வட்டப்புழுவை ஓரளவு எதிர்த்து நிற்கும். குஞ்சுக்கு அவ்வலிமை இல்லை. புரதமும் விற்றமின் ஏயும் குறைந்த தீன் உண்பவற்றுக்கும் அது குறைவு. இன்னுமொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு மந்தையிலுள்ள புழுக்கள் எல்லாக் கோழிகளிடமும் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதில்லை. சில கோழிகளிடமே பெரும்பகுதி குவிந்திருக்கும். ஏனையவற்றிடம் சிலவே இருக்கும். நான் 2023 இல் ஒரே தட்டில் வைத்த மருந்து, வேண்டியவற்றுக்குக் குறைவாகவும் வேண்டாதவற்றுக்கு மிகையாகவும் சென்றிருத்தல் கூடும்.

மூன்றாம் நாள் விதானையாருக்கு இவற்றைச் சொன்னேன். அவர் எளிதில் அசைபவரல்லர். "பள்ளிக்கூடத்திலை எல்லாப் பிள்ளையளுக்கும் பூச்சிமருந்து குடுக்கிறவைதானே? ஆரும் பரிசோதிச்சுப் பாத்தோ குடுக்கினம்?" என்றார்.

இது வலிய வாதம். ஓரூரிற் குடற்புழு பரவலாக உள்ளதெனின், பிள்ளை ஒவ்வொருவரையும் சோதிப்பதிலும் எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிடுதல் மலிவு, விரைவு, மருந்தும் தீங்கற்றது. உலக சுகாதார நிறுவனம் நூற்றுக்கு 20 பேருக்கு மேற் புழுவுள்ள இடங்களில் ஆண்டுக்கொருமுறை அவ்வாறு கொடுக்கச் சொல்கிறது. இரண்டு கோழி வளர்க்கும் ஏழைக்கும் இந்நியாயம் பொருந்தும். சோதனைக்குச் செல்லும் பேருந்துக் காசும் அரைநாட் கூலியும் மருந்தின் விலையை விஞ்சுமாயின், அவர் சோதியாது கொடுப்பதை நான் குறைகூறேன்.

ஆயினும் நம் நாட்டு வரலாறே மறுபக்கத்தையும் காட்டுகின்றது. 1916 ஆம் ஆண்டு தொடங்கி, மலைநாட்டுத் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தொழிலாளரின் கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தனர். மருந்து புழுவை வெளியேற்றியது உண்மை. போதிய மலசலகூடங்கள் கட்டப்படாத தோட்டங்களில், வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தவர்களுக்குப் புழு மீண்டும் வந்தது. என் தவிட்டுத் தட்டும் அவ்வாறே ஆயிற்று. குடாப்பின் அடியில் ஈரக் குப்பையை அப்படியே விட்டுவிட்டு, குடலை மட்டும் கழுவ முயன்றிருக்கிறேன்.

மருந்துக்கு அடங்காத புழுக்களைப் பற்றியும் விதானையாருக்குக் கூறவேண்டியிருந்தது. 1961 இல் தயபெண்டசோல் என்னும் மருந்து வந்தபோது ஆடு வளர்ப்போர் பெருமகிழ்ச்சி எய்தினர். சில ஆண்டுகளுள்ளேயே அதற்கு அடங்காத செம்மறியாட்டுப் புழு அமெரிக்காவிற் காணப்பட்டது. வான்கோழியின் வட்டப்புழு பென்பெண்டசோலுக்கு அடங்காமை 2019 இல் அதே நாட்டில் வெளியாயிற்று. காரணம் விளங்குதற்கு அரிதன்று. எல்லா உயிர்க்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால், இறவாது எஞ்சிய புழுவின் வழித்தோன்றல்களே வளவு முழுவதும் நிறையும். சிலவற்றுக்குக் கொடாது விட்டால், மருந்துக்கு அடங்கும் புழுக்களும் மண்ணிலே கலந்திருந்து மற்றவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும். தென்னாபிரிக்காவிலே ஆட்டின் கீழிமையை விரித்து, ஐந்து நிறம் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட்டு, இரத்தங் குன்றியவற்றுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை உண்டு. குருதி குடிக்கும் புழுவுக்கே அது பொருந்தும்; கோழியின் வட்டப்புழு அத்தகையதன்று. நாம் வேறு வாயிலை நாடவேண்டியதாயிற்று.

அவ்வாயில் எச்சம். பெயரெச்சம், வினையெச்சம், உம்மையெச்சம் என்பவற்றை முப்பது ஆண்டாக மாணாக்கருக்கு விரித்துரைத்தவன் நான். திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே ஆண்ட எச்சம் என்னுஞ் சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொண்டதையும், புகழ் முதலியனவாகப் பிறர் கொள்வதையும் வகுப்பிலே நெடுநேரம் ஆராய்ந்திருக்கிறோம். பறவையின் மலம் என்றொரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டென அகராதியிற் கண்டிருந்தேனேயன்றி, அதனைச் சிரட்டைத் துண்டால் அள்ளிப் பற்பொடிப் பேணியில் அடைக்கும் பேறு அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. பெரிய கோழிகள் ஏழும் இரவில் முருங்கைக் கொப்பிலே தங்குவன. அதன்கீழ்க் கிடந்தவற்றை ஒரு பேணியிலும், மூன்று மாதம் நிரம்பாத நான்கு பேட்டுக்குஞ்சுகளின் குடாப்பிலிருந்து எடுத்தவற்றை வேறொரு பேணியிலும் இட்டேன். அதிகாலையிலே வேட்டியை மடித்துக்கட்டி நான் செய்த இத்தொண்டினைக் கண்ட பால்காரர் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டார்.

வைத்தியர் அதனை உப்பு இனிக் கரையாது என்னும் அளவிற்குக் கரைத்த நீரிலே கலக்கி வடித்தார். புழுமுட்டை அந்நீரினும் இலேசானது. மேலே மிதந்து வரும். கட்டம் வரைந்த கண்ணாடித் தட்டில் அதனை எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணினார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீள்வட்டமான, தடித்த ஓடுடைய சிறு மணிகள்! கோழிமுட்டைக்குள் புழுவும், புழுமுட்டைக்குள் கோழியின் சாவும் இருக்கக்கூடும் என்று எண்ணியபோது சற்றே தலை சுற்றியது. (வட்டப்புழு எப்போதாவது வழிதவறிக் கோழிமுட்டைக்குள்ளேயே அகப்படுவதும் உண்டாம். தமக்கையாருக்கு இதனை நான் இன்னுஞ் சொல்லவில்லை.)

பெரிய கோழிகளின் தட்டிலே தேடித்தேடி இரண்டு மூன்று மணிகளே கண்டோம். குஞ்சுகளின் தட்டிலே கட்டந்தோறும் அவை கிடந்தன. வைத்தியர் எச்சரிக்கையாகவே பேசினார். முட்டையின் தொகை புழுவின் தொகையைச் செவ்வையாகக் காட்டாது. முதிராத புழு முட்டையிடாதாகையால், குறைந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றவுங்கூடும். வட்டப்புழுவின் முட்டையும் குருட்டுக்குடற் புழுவின் முட்டையும் பார்வைக்கு ஒத்திருக்கும். "இது தீர்ப்பில்லை, ஐயா. ஒரு சாட்சியம் மாத்திரம்" என்றார். சாட்சியமே இன்றித் தீர்ப்பளித்தவனுக்கு அதுவே பெரிது.

தமக்கையார் வேப்பிலையும் பூசணி விதையும் உள்ளியும் போதாவோ என்று கேட்டார். பப்பாளிப் பாலிலுள்ள நொதி புழுவின் மேற்றோலை அரிக்கவல்லது என்பதை ஆய்வுக்கூடங்களிற் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு குஞ்சுக்கு எத்துணைத் துளி என்று சொல்வார் இல்லை. ஏனையவை கோழிக்குத் தீங்கு செய்யாவிடினும், நிறைந்த புழுவை நம்பத்தக்க வகையில் வெளியேற்றுவதாகச் சோதனைகள் காட்டவில்லை. இதனை நான் கூறியபோது அவர் முகம் வாடியது. தீனைப் பற்றிய அவர் கருத்தை மட்டும் வைத்தியரும் ஏற்றுக்கொண்டார். திருக்குறளில் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்திலே மருந்தொன்றின் பெயரேனும் இல்லை. பெரும்பகுதியும் உணவின் அளவு பற்றியதே. அவ்வதிகாரத்தை அவருக்கு நினைவூட்டினேன். குஞ்சுகளுக்குக் கருவாட்டுத் தூளும் முருங்கையிலையும் கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார். கருவாட்டுத் தூள் எங்கள் வீட்டுப் படலைக்குள் வந்தது இதுவே முதன்முறை. வேலியோரத்துப் பழைய கொட்டிலிலே தனியே வைத்திருக்கிறோம்.

முடிபு இவ்வாறாயிற்று: குஞ்சுகள் நான்குக்கும் மருந்து, பெரிய கோழி ஏழுக்கும் இல்லை. ஆட்டு மருந்தைத் தொடவேண்டாம் என்றார் வைத்தியர். பைப்பரசீன் பெரிய வட்டப்புழுவை மாத்திரமே வெளியேற்றும். பென்பெண்டசோல் வேறு சிலவற்றையும் கொல்லும், ஆயினும் இறகு முளைக்கும் பருவத்தில் அளவு மிகுந்தால் இறகைக் கெடுக்கும். எங்கள் குஞ்சுகளுக்கு முன்னதே போதும் என்று அவர் தீர்மானித்தார். முட்டையிடும் கோழிக்குக் கொடுப்பதாயின், எத்தனை நாள் முட்டையை விலக்கவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் புளுபெண்டசோலுக்கு அத்தகைய விலக்கு இல்லை. வேறு மருந்துகள் சிலவற்றுக்கு உண்டு. எங்கள் குஞ்சுகள் இன்னும் முட்டையிடத் தொடங்காமையால் அச்சிக்கல் எழவில்லை. எழுந்திருப்பின், தமக்கையாரிடம் முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீடுகளுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நினைக்கவும் கூசுகிறது.

கண்ணளவு என்னும் பாவத்தை மீண்டும் செய்யவில்லை. ஒவ்வொரு குஞ்சையும் உமலுக்குள் இட்டு, விற்றராசிலே தூக்கி நிறுத்தோம். தமக்கையார் பிடித்துக்கொள்ள, ஊசியில்லாத சிறிஞ்சினால் அலகின் ஓரத்தில் மருந்தைத் துளித்துளியாக விட்டேன். மறுநாட் குடாப்பை வெயிலுள்ள இடத்துக்கு மாற்றி, பழைய இடத்துக் குப்பையை வழித்தெடுத்துத் தூரத்துக் கிடங்கில் இட்டோம். இரண்டு கிழமை கழித்து மீண்டும் பேணியோடு சென்றபோது, குஞ்சுகளின் தட்டிலே ஒன்றிரண்டு மணிகளே எஞ்சியிருந்தன.

பெரிய கோழிகளைக் குறித்து இன்னும் எனக்கு முழு அமைதி இல்லை. மருந்து கொடாமையும் ஒரு செயலே. அதற்கும் நானே பொறுப்பாளி. அவற்றுள் ஒன்று ஒருநாள் முட்டையிடாவிட்டாலும் தமக்கையாரின் கண் என்னை நோக்குகிறது. ஞாயிறுதோறும் அவற்றைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கிறேன். கொண்டையின் நிறத்தைப் பார்க்கிறேன். 2023 இல் நான் செய்யாது விட்டது இதுதான்.

பங்குனியில் அவற்றின் எச்சத்தை மீண்டும் கொண்டுவரும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அன்று காலை நான் பேணியோடு படலையைத் திறந்தபோது விதானையார் ஒழுங்கையிற் காத்துநின்றார். கையில் ஒரு நெருப்புப்பெட்டி.

"பண்டிதர், நீர் எப்பிடியும் அங்கை போறனீர்தானே. இது என்ரை மறியாட்டின்ரை புழுக்கை. இதையும் ஒருக்காப் பாக்கச் சொல்லும்."

அந்தப் போத்தல் மருந்தை ஆடுகளுக்குப் பருக்கவில்லையோ என்று அடுக்களையிலிருந்து தமக்கையார் உரத்துக் கேட்டார். விதானையார் அது காதில் விழாதவர்போல, நெருப்புப்பெட்டியை என் பைக்குள் வைத்துவிட்டு நடந்தார்.